சுவாமிக்கு ஒரு அறை

"இஞ்சாரும், அந்த மனிசி என்ன கேட்டாலும் நீர்தான் பதில் சொல்லவேணும். நான் வாய் திறக்கக் கூடாது. அது அந்த ஊர் வழக்கம்."

கிருபானந்தன் கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி மனைவி சாம்பவிக்கு மூன்றாவது தடவையாகச் சொன்னார்.

"எங்கட ஊரிலையும் இப்பிடி ஒரு வழக்கம் இருந்திருக்கலாம்" என்றாள் அவள், வெட்டிக்கொண்டிருந்த மீனிலிருந்து கண்ணை எடுக்காமலே.

வெளியே, அவர்கள் குடியேறியிருந்த டொலார்ட்-டெஸ்-ஓர்மோ நகரில் முழங்கால் அளவுக்குப் பனி கிடந்தது. முப்பத்தொரு வருடமாக அதை அள்ளி அள்ளி, மனுஷனின் முழங்கால் போய்விட்டது. ஓய்வு பெற்ற கையோடு அவர் கண்டுபிடித்த மருந்துதான் வாத்து லேமா என்ற ஊர். இந்தோனேசியாவில் புளோரெஸ் தீவு, அதன் மலைக்குள்ளே யாருக்கும் பேர் தெரியாத ஒரு கிராமம். மூன்று விமானம், ஒரு வான் வண்டி, கடைசியில் மோட்டார் சைக்கிளின் பின்சீட். போய்ச் சேர்ந்தால் உயரமான கூரை போட்ட மரவீடு, முன்னால் மீன்குளம், பின்னால் கோப்பித் தோட்டம். வெளிநாட்டுக்காரருக்கு விற்கமாட்டார்கள், பத்து வருடக் குத்தகைதான். பனிக்காலம் முழுக்க அங்கே இடுப்பில் கட்டிய சாரத்தோடு கிடக்கலாம்.

முருகன் கோயிலில் பிரசாத வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் அவர் வீட்டின் படத்தைக் காட்டி முடித்துவிட்டார். இனி வீடு கிடைக்காவிட்டால் கோயில் பக்கம் தலைகாட்ட முடியாது.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கிராமத்தில் வீடுவாசல் எல்லாம் பெண்களின் பேரில். தாய்க்குப் பிறகு மகளுக்குப் போகும். வீட்டுக்காரி மாமா மார்த்தா பெண்களோடு மட்டும்தான் பேசி முடிப்பாளாம். இன்னொரு குடும்பமும் கேட்டிருக்கிறதாம், நல்ல குடும்பமாகப் பார்த்துத்தான் கொடுப்பாளாம்.

"மாமா எண்டுறியள், பேந்து பொம்பிளை எண்டுறியள்" என்று சாம்பவி குழம்பினாள். அங்கே மூத்த பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று விளக்கினார் கிருபானந்தன். மூன்று மாதமாகக் கைபேசியில் அந்த மொழி படிக்கிறவர் அல்லவா? குடும்பப் பாடத்தை மட்டும், தாய் தகப்பன் அண்ணை தங்கச்சி எல்லாம் பாலர் வகுப்புச் சமாச்சாரம் என்று தாண்டிவிட்டு, நேரே வீடு, கடை, வாகனம் என்று போய்விட்டார். கடையை அங்கே கெடாய் என்றும் கப்பலைக் கப்பால் என்றும் சொல்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து, அது பாதி தமிழ்தான் என்பது அவருடைய தீர்ப்பு.

திரையில் மாமா மார்த்தா தோன்றினாள். சுற்றுலாக்காரருக்குக் கோப்பி விற்றுப் பழகிய நாலு ஆங்கிலச் சொல்தான் அவளுக்குக் கைவசம். முதல் கேள்வி சொந்த மொழியிலேயே வந்தது.

"சுவாமி ஆடா?"

கிருபானந்தனுக்குப் புல்லரித்தது. "ஆடா எண்டால் இருக்கோ எண்டு அர்த்தம். சுவாமி இருக்கோ எண்டு கேக்கிறா. என்ன பக்தியான சனம் பாரும்" என்று கிசுகிசுத்தார்.

சாம்பவி பெருமையோடு ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள். "பிள்ளையார், முருகன், சிவன், வைரவர், ஆஞ்சநேயர்."

மாமா மார்த்தாவின் கண் அகன்றது. எல்லாரும் ஒரே அறையிலா என்று கேட்டாள். ஒரே அறைதான், ஒரு சண்டை சச்சரவும் கிடையாது என்றாள் சாம்பவி. இரண்டு பேர் கலியாணத்தின்போது அம்மா தந்தது, மூன்று பேரை ரொறன்ரோவில் வாங்கினது, அதில் ஒன்று மலிவு விலையில். வெள்ளிக்கிழமை காலையில் பாலில் குளிப்பாட்டிச் சந்தனம் பூசிப் பொங்கல் படைப்பேன், அவர்கள் சாப்பிட்ட பிறகுதான் எனக்கு என்று கையாலும் அரைகுறை ஆங்கிலத்தாலும் விளக்கினாள்.

மாமா மார்த்தா அயல்வீட்டுப் பெண்களையும் கூப்பிட்டுவிட்டாள். ஏழெட்டுத் தலை திரையில் முண்டியடித்தன. அவர்களைக் காட்டு என்று கெஞ்சினார்கள். இன்னும் தோய்ந்து குளிக்கவில்லை, மீன் கையோடு அந்த அறைக்குள் போகமாட்டேன் என்று சாம்பவி மறுத்துவிட்டாள். பெண்கள் மரியாதையோடு தலையாட்டினார்கள்.

"இஞ்சாருங்கோ, போனை ஆட்டாமல் பிடியுங்கோ. அதுக்கு முதல் எனக்கு ஒரு தேத்தண்ணி ஊத்துங்கோ" என்றாள் சாம்பவி புருஷனிடம்.

கிருபானந்தன் கைபேசியை மேசையில் சாய்த்து வைத்துவிட்டுப் போய், பழைய சாரமும் கம்பளித் தொப்பியுமாகத் தேத்தண்ணியோடு வந்தார். வாய் திறக்கக் கூடாதென்பதால் திரையைப் பார்த்துக் குனிந்து ஒரு கும்பிடு போட்டார். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு மாமா மார்த்தாவின் கடிதம் கைபேசிக்கு வந்தது. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் விவசாயம் படிக்கும் மகள் சாருஜா வீட்டுக்கு வந்திருந்தாள். அதை மொழிபெயர்த்துப் பார்த்தவளுக்குச் சிரிப்பில் தோள் குலுங்கத் தொடங்கியது.

"அப்பா, வீடு உங்களுக்குத்தான்."

கிருபானந்தன் முழங்காலை மறந்து எழும்பினார்.

"ஆனால் குடும்பப் பாடத்தை ஏனப்பா படிக்காமல் விட்டனீங்கள்? அந்த மொழியில சுவாமி எண்டால் புருஷன்."

சாம்பவியின் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது. சாருஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தை வாசித்தாள்.

"ஒரு புருஷனை வைத்துக்கொண்டே நாங்கள் இங்கே படாத பாடு படுகிறோம். ஐந்து பேரை ஒரே அறையில் சண்டையில்லாமல் வைத்திருக்கும் உங்களுக்குத் தராமல் வீட்டை வேறு யாருக்குத் தருவது? திரு. பிள்ளையார் முதல் திரு. ஆஞ்சநேயர் வரை ஐவருக்கும் பாய் விரித்தாயிற்று. தேத்தண்ணி கொண்டுவந்த அந்தக் கிழவரை மட்டும் கூட்டிவர வேண்டாம். வேலைக்கு இங்கேயே ஆள் இருக்கிறது."