எங்கிருந்தோ ஒரு கிர்ர்

சுகிர்தாவின் ஆளுயர டபுள் பேஸ் தந்தி வாத்தியத்தை மூன்று ரிப்பேர்காரர்களிடம் காட்டியாகிவிட்டது. அந்தக் கிர்ர் சத்தம் மட்டும் போகவில்லை. நாளைக்கு ரெக்கார்டிங். நான்காவதாகத் தேடிப்பிடித்த அம்புரோஸ் மரத்தைத் தட்டிப் பார்த்தார், காது வைத்துக் கேட்டார், தானே வாசித்தார். சுத்தமாக இருந்தது. சுகிர்தா அதை வாங்கி மார்போடு சாய்த்துக்கொண்டு வில்லை இழுத்தாள். கிர்ர்.

“இதைத் தலைமுழுகிட்டு வேற வேலையப் பாருன்னா கேக்குறியா?” வாசலில் வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டே கேட்டான் அவள் புருஷன் கருணாகரன்.

அம்புரோஸ் அவள் கழுத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், சட்டென்று குனிந்து உளிகளை அடுக்கத் தொடங்கினார். “பேஸ்ல ஒரு குறையும் இல்லம்மா.”

அப்போதுதான் அவளும் குனிந்து பார்த்தாள். தாலி மரத்தில் உரசிக்கொண்டிருந்தது. சங்கிலியோடு தூக்கி முதுகுப்பக்கம் போட்டுக்கொண்டு மறுபடி இழுத்தாள். ஒரு பிசிறில்லாமல் அறை முழுக்க நிறைந்தது அந்த அடிக்குரல்.

“அட, சரியாயிடுச்சே! என்ன பண்ணீங்க?” என்றான் கருணாகரன். அம்புரோஸ் குனிந்தபடியே உளிகளைப் பையில் போட்டார். “சரி, கிளம்பு, போலாம்,” என்று மனைவி பக்கம் திரும்பினான் கருணாகரன்.

சுகிர்தா நிறுத்தவில்லை. குனிந்து வாசிக்க வாசிக்க, சங்கிலி தோள் வழியாக மெல்ல முன்னால் வழுக்கி வந்துகொண்டிருந்தது. அவள் வில்லை இன்னும் வேகமாக இழுத்தாள்.