பூட்டி வைத்த இறக்கை

சூடேற்றினால் வளைந்து, ஆறினால் நேராக வேண்டிய, கைக்கடக்கமான மாதிரி விமான இறக்கை அது. நாலு மாதமாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள் இறுதியாண்டு மாணவி. மாலையில் நேராக்கிவிட்டுப் போனால், காலையில் பதினேழு டிகிரி வளைந்து கிடக்கும்.

“நீதானே நோண்டுற?” என்று ப்ராஜெக்ட் கூட்டாளியைப் பிடித்துக்கொண்டாள்.

“தாயே, எனக்கு வேற வேலை இல்லையா?”

பேராசிரியரோ, “அளக்கத் தெரியலைன்னு சொல்லும்மா,” என்றார்.

வெறுத்துப்போய், சூடேற்றும் கம்பியையே உருவிப் போட்டுவிட்டு, இறக்கையை ஆய்வக அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

மறுநாள், இரவு மழையில் தேங்கிய தண்ணீரைத் தாண்டித் தாண்டி வந்து அலமாரியைத் திறந்தாள். இறக்கை நேராக இருந்தது. அப்பாடா என்று எடுத்தாள்.

அலமாரித் தட்டு காய்ந்திருந்தது. இறக்கையின் மேற்பக்கம் முழுக்க மழைத்துளிகள்.