எல்லாம் சரியாக இருந்த வீடு

குழந்தையின் எடை கூடியிருந்தது.

தராசு முள் போன தடவை நின்ற இடத்தைத் தாண்டி நின்றதைப் பார்த்ததும் நர்ஸம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. வீடு வீடாகப் போய், பிள்ளை பெற்றவர்களையும் பச்சைக் குழந்தைகளையும் பார்த்து வருவது அவள் வேலை. இன்று இங்கே எல்லாம் சரியாக இருந்தால் இதுவே கடைசித் தடவை. இல்லையென்றால் தொடர்ந்து வர வேண்டும். எதுவென்று முடிவு செய்ய வேண்டியவள் அவள்தான்.

மாடிக்கு லிப்ட் கிடையாது. ஏறி வந்த முட்டி இன்னும் அவளைத் திட்டிக்கொண்டிருந்தது. இனி ஏற வேண்டாம் என்று அதற்கு ஒரு நல்ல சேதி சொல்ல முடிந்தால் நன்றாயிருக்கும்.

காலையில் போன வீட்டில் பெண்கள் கூட்டம். குழந்தையைக் குப்புறப் போடு என்று ஒருத்தி, போடவே கூடாது என்று இன்னொருத்தி. பெற்றவளுக்கு வாயைத் திறக்க இடமில்லை. ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் நர்ஸம்மாவுக்கே தலை சுற்றியது.

இங்கே அந்த வம்பே இல்லை. இருப்பது இரண்டு பேர், அதில் ஒருவருக்கு அழ மட்டும்தான் தெரியும்.

பிள்ளை பெற்றவளின் புருஷனுக்குக் கப்பலில் வேலை. அவள் அம்மா போய்ச் சேர்ந்து வெகு நாளாயிற்று. மாமியார் தொலைவில் இருக்கிறார், போனில் குரல் மட்டும் வரும். எதிர்வீட்டுக் கதவில் எப்போது வந்தாலும் பூட்டுத்தான் தொங்கும்.

தனியாக இப்படிச் சமாளிக்கிறாளே என்று நர்ஸம்மாவுக்கு அந்தப் பெண்ணின் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். தொப்புள் காய்ந்து சுத்தமாக இருந்தது. கண்ணில் மஞ்சள் இல்லை. காதுமடல் மடிப்பில்கூட அழுக்கு இல்லை. குழந்தையின் துணிகள் எல்லாம் துவைத்து, மடித்து, ஒரு பையில் அடுக்கப்பட்டிருந்தன. கட்டில் முழுக்கக் குழந்தைக்கு. இவள் கீழே தரையில் ஒரு போர்வையை விரித்துப் படுத்துக்கொள்கிறாளாம். பக்கத்தில் படுத்தால் தெரியாமல் கை கால் பட்டுவிடும் என்று பயம்.

நர்ஸம்மா அதற்கும் ஒரு சபாஷ் போட்டாள்.

தையல் ஆறிவிட்டதா என்று பார்த்தாள். ஆறியிருந்தது. உதிரப்போக்கு குறைந்திருந்தது. பால் கொடுக்கும்போது குழந்தையை எப்படிப் பிடிக்கிறாள் என்று பார்த்தாள். பாடம் நடத்தலாம், அப்படிப் பிடித்திருந்தாள். கண் மட்டும் ஜன்னல் பக்கம் இருந்தது. வெளியே பார்க்க அங்கே எதிர்க்கட்டிடத்துச் சுவரைத் தவிர ஒன்றுமில்லை.

பெயர் வைத்தாயிற்றா என்று நர்ஸம்மா கேட்டாள். அதை நான் எப்படி வைக்க முடியும் என்று அந்தப் பெண் திருப்பிக் கேட்டாள். புருஷன் வரட்டும் என்று இருக்கிறாள் போல. இந்தக் காலத்தில் இப்படியும் ஒருத்தி என்று நர்ஸம்மா சிரித்துக்கொண்டாள்.

கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எல்லோரிடமும் கேட்பது. மனசு எப்படி இருக்கிறது, அழுகை வருகிறதா.

அழுவதற்கு எனக்கு என்ன சிஸ்டர் என்றாள் அவள். முகம் அமைதியாக இருந்தது. அந்த அமைதியை நம்புவதற்கு நர்ஸம்மாவுக்கும் ஆசையாக இருந்தது. இன்னும் பார்க்க வேண்டிய வீடுகள் வேறு காத்துக்கிடந்தன.

தராசைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"எல்லாம் நல்லா இருக்கு. இனிமே நான் வர வேண்டியதில்லம்மா. ஏதாவதுன்னா போன் பண்ணு."

அப்போதுதான் அந்தப் பெண்ணின் முகம் முதல்முறையாக மலர்ந்தது. வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பப் போகிறவள் போல ஒரு பெருமூச்சு விட்டாள். குழந்தையைத் துணியில் கவனமாகச் சுற்றினாள், தலைக்குக் கையைக் கொடுத்து எடுத்தாள், வாசல்வரை கொண்டு வந்தாள்.

கொண்டு வந்து நீட்டினாள்.

"நீங்களே எடுத்துட்டுப் போறீங்களா சிஸ்டர், இல்ல இதோட அம்மா வருவாங்களா?"

நர்ஸம்மா முதலில் அதை விளையாட்டு என்றுதான் நினைத்தாள். சிரிக்கக்கூட வாயெடுத்தாள். பிறகு அந்தக் கண்ணைப் பார்த்தாள். அதில் விளையாட்டு இல்லை. சோர்வும், இன்னொருவர் பொருளைப் பத்திரமாக வைத்திருந்து ஒப்படைக்கிறவளின் பணிவும் இருந்தன.

இத்தனை தடவை வந்து, எடையும் தையலும் பார்த்துவிட்டு, இதைப் பார்க்காமல் போனோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

நீதானேம்மா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் இவள் தாங்குவாளா என்று பயமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் யாரைக் கூப்பிட வேண்டும், கப்பலுக்கு எப்படித் தகவல் அனுப்புவது என்று மனசு ஒரு பக்கம் ஓடியது. பையைக் கீழே வைத்தாள். கதவை உள்பக்கமாகச் சாத்தினாள். ஒரு கையில் குழந்தையை வாங்கிக்கொண்டு, மறு கையால் அவள் கையைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தாள்.

அந்தப் பெண் உடனே உட்காரவில்லை. குழந்தைக்கு இடம் போதுமா என்று பார்த்துவிட்டு, ஓரத்தில் ஒதுங்கி உட்கார்ந்தாள்.

"நல்லா பாத்துக்கிட்டேன்னு அவங்ககிட்ட சொல்லுவீங்கல்ல?"