முதுகு காட்டாத டாலி

ஜெர்வாஸ் டாலிக்கு ஜில்லா நிர்வாகம் தரவேண்டிய உதவிப்பணப் பாக்கி பதினொரு பவுண்டு ஆறு ஷில்லிங். இங்கிலாந்து அரண்மனையில் மன்னருக்குப் பரிமாறியவர். உள்நாட்டுப் போரில் அவருக்காகச் சண்டைபோட்டு ஒரு கையை இழந்தவர். அந்த மன்னரின் மகன் ஆட்சிக்கு வந்து உதவிப்பணம் அறிவித்தும், இந்தக் குளிருக்கு விறகு வாங்கக்கூட வழியில்லை.

"மன்னருக்காகச் சண்டைபோட்டதுக்குச் சாட்சி இல்லாம காசு இல்ல பெரியவரே, கிளம்புங்க," என்றார் நீதிபதி.

கிழவர் குனிந்து வணங்கிவிட்டு, அரண்மனை வழக்கப்படி முதுகு காட்டாமல் பின்னோக்கியே நடந்தார்.

நீதிபதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மன்னர் தலைய வெட்டிப் பதிமூணு வருஷமாச்சு. எனக்கெதுக்குய்யா இந்த மரியாதை?"

"உங்களுக்கில்லீங்க ஐயா. உங்க பக்கத்துல உக்காந்திருக்காரே, அவருக்கு."

பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருந்தது. மெத்தை மட்டும் நடுவில் அமுங்கியிருந்தது. யாரோ எழுந்துகொண்டதுபோல் அது மெல்ல மேலே வந்தது.

நீதிபதியும் எழுந்து நின்றார். சாட்சி எதுவும் கேட்காமல் பாக்கி முழுவதையும் கொடுக்கச் சொன்னார்.