பத்திலிருந்து ஒரு மணி வரை

"ஞாயிற்றுக்கிழமை பத்திலேருந்து ஒண்ணு வரைன்னு கேளும் வக்கீலே. வேற நேரம் வேண்டாம்."

"அது உங்க சர்ச் நேரமாச்சே?" என்றார் வக்கீல் ஆன்ஸ்லின்.

"அதுக்காக்கும் சொல்லுகேன். ஆராதனை முடியப் பன்னிரண்டரை ஆவும். மிச்சம் அரை மணி நேரம். கொட்டாரத்தான் மகளைப் பார்த்து மூக்கைச் சிந்திட்டுப் போட்டும்."

கொட்டாரத்தான் என்று ஆபேல் சொன்னது, கொட்டாரம் ஊர்க்காரனான தன் மருமகன் நாகேந்திரனை. தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மகள் ரெஜிலாவை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்தவனின் பெயரைச் சொல்ல, ஒன்பது வருஷமாக ஆபேலுக்கு நாக்கு வரவில்லை. இப்போது அவர்களுக்குள்ளேயே ஒத்துவராமல், எட்டு வயது பிரீனா யாரிடம் இருப்பது என்று நாகர்கோவில் குடும்ப நீதிமன்றத்தில் வழக்கு. பிள்ளை அம்மாவோடு பாட்டா ஆபேல் வீட்டில் இருந்தாள்.

வழக்கு முடியும்வரை அப்பா பிள்ளையைப் பார்க்க, ஆபேல் கேட்ட நேரமே கிடைத்தது. நாகேந்திரன் மறுபேச்சில்லாமல் தலையாட்டினான்.

முதல் ஞாயிறு சர்ச் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றான். ஆபேலுக்கு அன்றைய பிரசங்கம் ரொம்பப் பிடித்திருந்தது.

அடுத்த ஞாயிறு, நெற்றியில் திருநீறோடு உள்ளேயே வந்துவிட்டான். ஆண்கள் பக்கம், ஆபேலுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தான். பெண்கள் பக்கத்திலிருந்த பிரீனா அம்மாவை விட்டு ஓடிவந்து அவன் மடியில் ஏறினாள்.

"ஓய் ஆபேல், உம்ம மருமகன் சபையில சேர்ந்தாச்சா?" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆன்ட்ரூஸ்.

"வாயை மூடிட்டு ஜெபம் பண்ணும் ஓய்."

ஒரு வருஷம் ஒரு ஞாயிறுகூட அவன் தவறவில்லை. பிரீனா பாட்டுப் புத்தகத்தில் பக்கம் எடுத்துக் கொடுப்பாள். அவன் ராகம் தெரியாமல் பாடுவான். ஆபேல் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசி விசாரணையன்று, நீதிபதி அம்மா பிரீனாவைத் தனியாகத் தன் அறைக்கு அழைத்துப் பேசினார். பத்து நிமிஷம் கழித்து எல்லாரையும் உள்ளே கூப்பிட்டார்.

"அம்மாகூட இருக்கேன்னு சொல்றா. சரி, அப்பாவுக்கு நேரம் போதலையே, ஞாயிறுக்குப் பதிலா சனிக்கிழமை முழுநாளும் அப்பா வீட்டுக்குப் போறியான்னு கேட்டேன். மாட்டேன்னுட்டா."

நாகேந்திரன் தலையைக் குனிந்துகொண்டான். ரெஜிலா ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

ஆபேலுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "பார்த்தீங்களாம்மா? பிள்ளைக்கே அவனைப் பிடிக்கல்ல!"

"பொறுங்க ஐயா. ஏன் மாட்டேன்னு நீயே சொல்லும்மா."

பிரீனா பாட்டாவைப் பார்த்தாள். பிறகு அப்பாவை.

"சனிக்கிழமைன்னா அப்பா மட்டும்தானே இருப்பாவ. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலதான் அப்பா, அம்மா, பாட்டா எல்லாரும் ஒரே இடத்துல இருப்பாவ."

ரெஜிலா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

நீதிபதி அம்மா உத்தரவில் பத்திலிருந்து ஒரு மணி வரை என்றே எழுதினார். பேனாவை மூடிவிட்டு ஆபேலைப் பார்த்துக் கை கூப்பினார்.

"இந்த நேரம்தான் வேணும்னு கேட்டு வாங்கினது நீங்கதானாமே? வக்கீல் சொன்னார். பெரிய மனசு ஐயா உங்களுக்கு!"