மூன்று முழுக்கு

தண்ணீர் முழங்காலைத் தொட்டதும் குருக்கள் நின்றார்.

தலைமேல் அஸ்திரதேவர். சூல வடிவில் வெண்கலச் சாமி. மாலையோடு நல்ல கனம். இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

குளத்தின் நாலு கரையிலும் ஊர். மாசி மகம். குருக்கள் தேவரோடு முழுகினால்தான் ஊர் முழுகும். தீர்த்தவாரி என்றால் அதுதான்.

மார்பளவுத் தண்ணீரில் மூன்று முழுக்கு. இந்தக் கோயில் வழக்கம். இன்னும் சில படிகள் இறங்க வேண்டும்.

எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

பத்துப் பன்னிரண்டு வருஷமாக இந்தத் தொல்லை இல்லை. குளம் காய்ந்து கிடந்தது. நடுவில் கிரிக்கெட் ஆடினார்கள். மகத்தன்று கோயில் ஆட்கள் நீல பிளாஸ்டிக் தொட்டியைக் கொண்டுவந்து வைத்து லாரித் தண்ணீர் நிரப்புவார்கள். தேவரை அதில் முக்கி எடுப்பார். தன் தலையில் இரண்டு கை அள்ளித் தெளித்துக்கொள்வார். குளத்தை நினைத்து ஊரே குறைப்பட்டது. அவரும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார்.

மழைக்காக வருண ஜபம் செய்ததும் அவர்தான். அண்டாவில் கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜபித்தார். வாய் மழையைக் கேட்டது. மனசு வேண்டாம் என்றது.

வருணன் வாய் சொன்னதைக் கேட்டுவிட்டார்.

ஐப்பசியில் கொட்டிய மழையில் குளம் மேல்படி வரை ஏறியது. ஊர் வெடி வெடித்தது. அவர் மாசிக்கு இன்னும் எத்தனை மாசம் என்று விரல்விட்டு எண்ணினார்.

தண்ணீர் என்றால் பயம். அதற்குக் கதையெல்லாம் கிடையாது. யாரும் தள்ளிவிட்டதில்லை, எதிலும் விழுந்ததில்லை. பயம், அவ்வளவுதான்.

சித்தப்பா மகன் அகோரத்தை இறங்கச் சொல்லிவிடலாமே என்றாள் மனைவி. நியாயமான யோசனைதான். ஆனால் தேவர் ஒருதரம் அவன் தலைக்குப் போனால் போனதுதான். குளத்தில் தண்ணீர் இருந்த காலத்தில் அப்பா சுமந்த தேவர். அப்புறம் ஆயுசுக்கும் கரையில் நின்று குடை பிடிக்க வேண்டியதுதான்.

நாற்பத்தாறு வயதில் அவருக்கு ரோஷம் வந்தது. பக்கத்து டவுனில் நீச்சல் குளத்தில் போய்ச் சேர்ந்தார்.

ரப்பர் தொப்பிக்குள் குடுமி எலுமிச்சம்பழமாய்த் துருத்திக்கொண்டு நின்றது. கூடப் படித்தவர்கள் இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும். சிரிக்கத்தான் செய்தார்கள். முதல் நாள் கம்பியைப் பிடித்தவர் விடவில்லை. மறுநாளும் விடவில்லை. ஒருவழியாக விட்டபோது வலதுகை தானாக மூக்குக்குப் போயிற்று. பிராணாயாமத்துக்குப் பிடித்துப் பிடித்துப் பழகிய கை. தண்ணீர் தாடையைத் தொட்டால் போதும், கட்டைவிரலும் மோதிரவிரலும் மூக்கில் இருக்கும்.

சொல்லிக்கொடுத்த ஜெசிந்தா அவரைவிட எவ்வளவோ இளையவள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"சாமி, மூக்கைப் புடிச்சுக்கிட்டே நீஞ்ச முடியாது. மூச்சை உள்ளயே பூட்டி வைக்காதீங்க. தண்ணிக்குள்ள விடுங்க."

எப்படி விடுவது என்று பிடிபடவில்லை. தெரிந்தது ஒன்றுதான். தலையை முக்கி, ஓம் என்று நீட்டினார்.

கடைசி ம் மூக்கு வழியே குமிழி குமிழியாகப் போயிற்று. உள்ளே ஒரு சொட்டு ஏறவில்லை.

அன்று பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தார். தை பிறந்தபோது நீச்சல் குளத்தை அகலவாட்டில் கடந்திருந்தார். பிறகு நீளவாட்டில்.

ஆனால் அங்கே தரை தெரியும். இங்கே ஒரே பச்சை. படியெல்லாம் பாசி.

கை இரண்டும் தேவருக்கு. மூக்குக்கு இல்லை. பிடித்துக்கொள்ளக் கம்பியும் இல்லை.

கரையில் மனைவி கண்ணை மூடிக்கொண்டு நிற்பது தெரிந்தது.

இறங்கினார்.

இடுப்பு. வயிறு. மார்பு.

மேளம் உச்சத்துக்குப் போயிற்று.

முழுகினார். காதுக்குள் ஊர் அடங்கியது. ம்ம் என்றார்.

எழுந்தார்.

நாலு கரையிலும் ஊர் தொபுக்கென்று விழுந்தது. அலை வந்து முகத்தில் அடித்தது. கால் பாசியில் வழுக்கியது. படியைக் காணோம். அடியில் ஒன்றுமே இல்லை.

கால்கள் தாமாக உதைத்தன.

கை அசையவில்லை, தேவர் சாயவில்லை. கால்கள் மட்டும் வேலை செய்தன. கொஞ்ச நேரத்தில் படி திரும்பக் கிடைத்தது.

யாருக்கும் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது.

இரண்டாவது முழுக்கு.

மூன்றாவதில் அவசரமே படவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு உள்ளேயே இருந்தார். மேலே வெயில் பச்சையாக இறங்கிக்கொண்டிருந்தது. தேவரின் மாலையிலிருந்து ஓர் இதழ் பிரிந்து முகத்தருகே போயிற்று. ஊர் காத்திருந்தது. காத்திருக்கட்டும்.

மேலே வந்தார்.

பெருமையாக இருந்தது. சாமி காரியத்தில் பெருமைப்படக் கூடாது என்று அப்பா சொல்வார். பட்டார். நன்றாகவே பட்டார்.

அகோரம் படியிறங்கி வந்து தேவரை வாங்கிக்கொண்டான். மேளம் மண்டபத்துப் பக்கம் நகர்ந்தது. மனைவி கண்ணைத் திறந்து, உலர்ந்த வேட்டியை விரித்துப் பிடித்தாள்.

"மூணும் ஆயிடுத்துண்ணா. மேல வாங்கோ."

ஆயிற்று என்று தலையாட்டினார்.

பிறகு கச்சத்தை இறுக்கிக்கொண்டு, நடுக்குளத்தைப் பார்க்கத் திரும்பி, படியிலிருந்து காலை எடுத்தார்.