மணல் குவியலைச் சுற்றியவர்

அடுக்குமாடி வாசலில் கொட்டிக் கிடந்த மணல் குவியலில் பிஸ்கோத்து, டப்பா என்று இரண்டு நாய்கள் குடியிருந்தன.

மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கும் மூன்றாம் மாடி சிங்காரவேலு அன்று விடியற்காலையில் ஓடப் போனவர், வெயில் ஏறியபிறகு நொண்டிக்கொண்டே திரும்பி வந்தார்.

“யாருமே துரத்தலையே, எதுக்குடா இந்த ஓட்டம்?” என்றது பிஸ்கோத்து.

“எதையோ தேடுறாரு போல” என்றது டப்பா.

வாசலுக்கு வந்தவர் வாட்சைப் பார்த்தார். “அடச்சே! முப்பது கிலோமீட்டருக்கு இன்னும் நூறு மீட்டர் குறையுதே!” என்று புலம்பிவிட்டு, மணல் குவியலைச் சுற்றிச் சுற்றி ஓட ஆரம்பித்தார்.

பிஸ்கோத்து பதறி எழுந்தது. “டேய், சுத்துறாருடா! படுக்கிறதுக்கு முன்னாடி நாம சுத்துவோமே, அதே மாதிரி! நம்ம இடம் போச்சு!”

“சும்மா இரு. மனுஷன் போய் மணல்ல படுப்பானா?”

வாட்ச் ‘பீப்’ என்றது. சிங்காரவேலு இரண்டு கைகளையும் தூக்கி ஒரு கூச்சல் போட்டுவிட்டு, அப்படியே மணலில் மல்லாந்து விழுந்தார். முகத்தில் அப்படி ஒரு ஆனந்தம்.

டப்பா பெருமூச்சு விட்டபடி நகர்ந்து இடம் கொடுத்தது.

“பாவம்டா. வாசல்லயே படுக்க இடம் இருக்கிறது தெரியாம, ஊரெல்லாம் தேடி அலைஞ்சிருக்காரு.”